ஆபத்துக்கென்று வைத்த பொருள்

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்காக நிலவறைகளில் சேர்த்துவைத்த உணவையும் நீரையும் மருந்தையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம்; ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை அப்பொருள்கள் ஏன் வாங்கப்பட்டன என்று விளக்குகின்றனவே அன்றி, வாங்கிய பின் யார் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள், கெட்டுப்போன பின் யார் அப்புறப்படுத்தினார்கள் என்பதை அரிதாகவே பேசுகின்றன. நியூயார்க் நகரத்தின் பழைய செங்கற்கட்டடங்கள் சிலவற்றின் வாசலில், கறுப்பு வட்டத்துக்குள் மூன்று மஞ்சள் முக்கோணங்கள் தலைகீழாக நிற்கும் தகடு ஒன்று துருவேறிய நிலையில் இன்றும் கண்ணில் படுகிறது. இராணுவப் பொறியாளர் படையில் பணியாற்றிய ராபர்ட் பிளேக்லி 1961இல் உருவாக்கிய அந்தச் சின்னம், உள்ளே கதிரியக்கத் தூசிப் புகலிடம் இருக்கிறது என்று வழிப்போக்கருக்குச் சொல்வதற்காக வைக்கப்பட்டது.

கதிரியக்கத் தூசி என்பது அணுகுண்டு தரைக்கு அருகில் வெடிக்கும்போது ஆவியாகும் மண், கதிரியக்கத் துகள்களோடு கலந்து மேலெழும்பி, காற்று வீசும் திசையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று மீண்டும் நிலத்தில் படிவதாகும். குண்டின் நேரடித் தாக்குதலிலிருந்து ஒருவரைக் காப்பது அரிது எனினும், இந்தத் தூசியின் வீரியம் விரைவாகக் குறையும் இயல்புடையது. நேரம் ஏழு மடங்காகும்போதெல்லாம் கதிர்வீச்சு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், முதல் மணிநேரத்தில் இருந்த அளவு இரண்டு வாரங்களில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பதினான்கு நாள்கள் தடித்த சுவர்களுக்குள் இருந்தால் பிழைக்கலாம் என்ற கணக்கு இதிலிருந்தே பிறந்தது. அக்காலத் திட்டத்தைப் பின்னாளில் எள்ளி நகையாடியவர்கள் பலர் என்றாலும், அதன் அறிவியல் அடிப்படை நகைப்புக்குரியதன்று. கோளாறு வேறிடத்தில் இருந்தது.

பெர்லின் நெருக்கடி முற்றியிருந்த 1961 ஜூலை 25 அன்று, குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசியபோது, புகலிடங்களை அடையாளம் காணவும் அவற்றில் பொருள்களை நிரப்பவும் 20 கோடியே 70 இலட்சம் டாலர் ஒதுக்குமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். பாதுகாப்புத் துறையின் கீழ் குடிமக்கள் தற்காப்பு அலுவலகம் அமைக்கப்பட்டது. குறைந்தது ஐம்பது பேருக்கு இடமளிக்கக்கூடிய பள்ளிகள், அஞ்சலகங்கள், வங்கிகள், அடுக்குமாடிகள் ஆகியவற்றின் நிலவறைகளும் உள்ளறைகளும் அளந்து கணக்கெடுக்கப்பட்டன. கட்டட உரிமையாளர் இசைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டால், நடுவண் அரசு பொருள்களை இலவசமாக அனுப்பும். அவற்றைக் கொண்டுசேர்த்து அடுக்குவதும் அதன் பின் பேணுவதும் உள்ளாட்சியின் கடமையாகும். கொள்முதலுக்குப் பணம் மேலிருந்து வந்தது, பராமரிப்புக்கு வந்தது பெரும்பாலும் அறிவுரை மட்டுமே. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிற்காலச் சீர்கேடு முழுவதும் அடங்கியிருந்தது எனலாம்.

அனுப்பப்பட்ட பொருள்களின் பட்டியல் சிக்கனத்தின் உச்சம். தலைக்குப் பதினான்கு நாளுக்கும் சேர்த்து 10,000 கலோரி, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கலோரி. நடக்காமல் வேலை செய்யாமல் படுத்திருக்கும் மனிதருக்கு அது போதும் என்று கருதினார்கள். இதில் பெரும்பங்கு தகர டின்களில் அடைத்த கோதுமை பிஸ்கட், மீதி எலுமிச்சைச் சுவையும் செர்ரிச் சுவையும் ஊட்டிய சர்க்கரை மிட்டாய். அவற்றுள் ஒரு வகையின் மூலப்பொருள் பல்கர் எனப்படும், வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை. அதே ஆண்டுகளில் கேர் என்னும் தொண்டு அமைப்பின் வழியாகச் சென்னை மாநிலத்துப் பள்ளிகளின் மதிய உணவுக்கு வந்து உப்புமாவாகக் கிளறப்பட்டதும் அமெரிக்காவின் உபரிக் கோதுமையே. தண்ணீருக்கு 17.5 கேலன், அதாவது சுமார் 66 லிட்டர் பிடிக்கும் டிரம்கள் வந்தன. உள்ளே பாலித்தீன் பை விரித்து, உள்ளூர்க் குழாய் நீரை நிரப்பி மூடிவிட வேண்டும். ஒரு டிரம் ஐந்து பேருக்குரியது. நீர் தீர்ந்ததும் அதே டிரம்மின் மேல் இருக்கைப் பலகையைப் பொருத்திக் கழிப்பிடமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதி. இவற்றோடு கழிவறைக் காகிதம் முதல் டின் திறப்பான் வரை அடங்கிய தூய்மைப் பெட்டி, மருந்துப் பெட்டி, கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் ஆகியவையும் சேர்ந்தன.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு விதமாக மூப்படையும் என்பதே பராமரிப்பின் உண்மையான சிக்கலாகும். மூடிய நீர் தானாகக் கெடுவது குறைவு; ஆனால் உள்ளிருக்கும் பாலித்தீன் பை மடிப்புகளில் கிழிந்து கசிந்தால், அந்த நீர் அருகிலிருக்கும் அட்டைப்பெட்டிகளை ஊறவைத்து, டிரம்மையும் பிஸ்கட் டின்களையும் துருப்பிடிக்கச் செய்துவிடும். பிஸ்கட்டில் இருந்த கொழுப்பு, டின்னுக்குள் எஞ்சியிருந்த காற்றோடு மெல்ல வினைபுரிந்து காறிப்போயிற்று. 1970களின் நடுவில் நடந்த சோதனைகளில் இது தெளிவானதும், அவற்றை உண்பதற்குரியவையாகக் கருத வேண்டாம் என்று உள்ளாட்சிகளுக்கு அறிவிக்கப்பட்டது. சில இடங்களில் அவை கால்நடைத் தீவனமாயின, பல இடங்களில் குப்பைமேட்டுக்குச் சென்றன, இன்னும் பல இடங்களில் அறிவிப்பைப் படிக்க வேண்டிய அலுவலர் பதவியே ஒழிந்திருந்ததால் இருந்த இடத்திலேயே இருந்தன.

மருந்துப் பெட்டியின் கதை சற்றுக் கடுமையானது. நெருக்கடியில் அடைபட்டிருப்போரின் பதற்றத்தைத் தணிக்க ஃபீனோபார்பிட்டால் என்னும் அமைதியூட்டும் மருந்தின் மாத்திரைகள் அதில் வைக்கப்பட்டிருந்தன. 1970இல் இயற்றப்பட்ட கட்டுப்பாட்டுப் பொருள்கள் சட்டம் அம்மருந்தைத் தன் அட்டவணையில் சேர்த்ததால், பூட்டில்லாத நிலவறையில் கிடந்த பெட்டி சட்டத்தின் பார்வையிலேயே ஆபத்தானதாயிற்று; அம்மாத்திரைகளைத் திருடர்களும் தேடிவந்தார்கள். இத்தகைய மருந்தைச் சாக்கடையில் கொட்டவோ குப்பையில் எறியவோ கூடாது. சட்டப்படி உரிமம் பெற்றவரிடம் ஒப்படைத்து, எண்ணிக்கை எழுதி அழிக்க வேண்டும். வாங்கும்போது ஒரே படிவத்தில் வந்த பொருள், கழிக்கும்போது தனித்தனிச் சட்டங்களின் கீழ் பிரிந்து நின்றது.

அளவுக் கருவிகளுக்கும் அதே நிலைதான். மஞ்சள் நிறம் பூசிய கைகர் கருவியின் பக்கவாட்டில், அது வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதற்காகவே மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் ஒட்டப்பட்டிருந்தது. பயிற்சிக்கென வழங்கிய கோபால்ட் மூலங்களோ அதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ளவை. உள்ளே விட்டுவைத்த உலர்மின்கலம் கசிந்தால் கருவி பாழாகும் என்பதால் மின்கலத்தைத் தனியே வைக்கும்படி அறிவுறுத்தியிருந்தார்கள். மாநிலங்கள் நடத்திய பழுதுபார்ப்புக் கூடங்கள் இக்கருவிகளைச் சுழற்சி முறையில் வரவழைத்து, அளவுத்திருத்தம் செய்து, அதாவது அளவு தெரிந்த கதிர்வீச்சின் முன் வைத்து முள் சரியாக நகர்கிறதா என்று ஒப்பிட்டு, திருப்பியனுப்பின. புகலிடப் பொருள்களுள் ஓரளவேனும் ஒழுங்காகப் பேணப்பட்டவை இவையே. பேணுவதற்கென்று ஆளும் கூடமும் பணமும் இருந்த ஒரே பொருளும் இதுதான் என்பது தற்செயலன்று.

பேணப்படாதவற்றின் நிலையை 2006 மார்ச் மாதத்தில் நியூயார்க் நகரப் பணியாளர்கள் நேரில் கண்டார்கள். புரூக்ளின் பாலத்தின் மன்ஹாட்டன் பக்க அடித்தளத்துக்குள் ஆய்வுக்காக நுழைந்தபோது, நீர் டிரம்களும் போர்வைகளும் அதிர்ச்சிச் சிகிச்சைக்குரிய டெக்ஸ்ட்ரான் மருந்தும் 3,52,000 பிஸ்கட்டுகளும் அடுக்கியபடியே இருந்தன. பெட்டிகளில் 1957, 1962 என்று ஆண்டுகள் பொறித்திருந்தன; முதலாவது ஸ்புட்னிக் ஏவப்பட்ட ஆண்டு, இரண்டாவது கியூபா ஏவுகணை நெருக்கடியின் ஆண்டு. செய்தித்தாள்கள் இதை ஒரு புதையல் கிடைத்ததுபோல் எழுதின. நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது புதையலன்று, தணிக்கைக் குறிப்பு: ஒரு மாநகரம் தன் உடைமையாகப் பெற்ற உயிர்காப்புப் பொருள் எங்கே இருக்கிறது என்பதையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மறந்திருந்தது. வாசல் தகடுகளோ இன்னும் நெடுங்காலம் தங்கின. பள்ளிகளில் தொங்கிய தகடுகள், இப்போது இல்லாத புகலிடத்துக்கு மக்களை வழிகாட்டிவிடும் என்ற கவலையால், 2017 இறுதியில்தான் நகரம் அவற்றைக் கழற்றத் தொடங்கியது.

பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போரையொட்டி மக்களுக்கு வழங்கிய நச்சுவாயுத் தடுப்பு முகமூடிகள் இதைவிடக் கொடிய பாடம். அவற்றில் பலவற்றின் வடிகட்டியில் கல்நார் இருந்தது. வரலாற்று வகுப்புகளில் மாணவர்கள் அவற்றை ஆசையோடு அணிந்து பார்த்த பழக்கத்தை நிறுத்தும்படி, போர் முடிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்தே பள்ளிகளுக்கு எச்சரிக்கை சென்றது.

இந்நிகழ்ச்சிகளின் பொதுக் காரணத்தைச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. புகலிட பிஸ்கட்டை அன்றாடம் உண்பவர் எவரும் இல்லை. எனவே பழையது வெளியேறிப் புதியது நுழையும் வழியும் இல்லை. தமிழக வேளாண் குடிகளின் வீட்டில் இருந்த குதிரில் நெல்லை மேல்வாயில் கொட்டி அடித்துளை வழியே எடுப்பதால், முதலில் போட்டதே முதலில் சமையலுக்கு வரும். சேமிப்பும் செலவும் ஒரே கலத்தில் நடந்தன. சுவிட்சர்லாந்து தன் கட்டாய இருப்பை ஏறத்தாழ இதே நெறியில் வைத்திருக்கிறது. தானியம், அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றை இறக்குமதி செய்யும் நிறுவனங்களே சட்டப்படி சில மாத நுகர்வுக்குரிய அளவைத் தங்கள் கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். பொருள் வாணிகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், அளவு மட்டும் குறையாது. அமெரிக்கப் புகலிடத் திட்டமோ ஓடாத பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஓடும் பொருளுக்குரிய ஆயுளை அதனிடம் எதிர்பார்த்தது.

ஓடாத பொருளையும் பேண முடியும் என்பதற்கு அதே நாட்டில் சான்று உண்டு. 1986 முதல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் உணவு மருந்து நிர்வாகமும் சேர்ந்து, இருப்பிலுள்ள மருந்துகளின் மாதிரிகளைச் சோதித்து, வீரியம் குறையாதவற்றின் காலாவதித் தேதியை நீட்டித்துவருகின்றன. 122 மருந்துகளின் 3,000க்கும் மேற்பட்ட தொகுதிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, அவற்றில் 88 விழுக்காடு தேதி கடந்து குறைந்தது ஓராண்டேனும் நல்ல நிலையில் இருந்ததாகவும், சராசரி நீட்டிப்பு 66 மாதம் என்றும் கண்டது. உரிய வெப்பநிலையில், திறக்காத கலத்தில் வைத்த இருப்புக்கே இம்முடிவு பொருந்தும். வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கும் மாத்திரைக்கு இதை நீட்டிப் பொருள்கொள்வது தவறு. தேதி பார்த்து எறிவது எளிது, சோதித்து வைத்திருப்பதற்கு ஆய்வகமும் ஊதியமும் தேவை. எனினும் புதிதாக வாங்கும் செலவை நோக்க அது சிறிதே.

அந்தச் சிறிய செலவைத்தான் ஆட்சிகள் முதலில் வெட்டுகின்றன. பறவைக் காய்ச்சல் அச்சத்தின்போது 2006இல் கலிபோர்னியா மாநிலம் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, 200 படுக்கை கொண்ட நடமாடும் மருத்துவமனைகள் மூன்றையும், 5 கோடி என்95 முகக்கவசங்களையும், 2,400 செயற்கைச் சுவாசக் கருவிகளையும் வாங்கியது. 2011இல் நிதி நெருக்கடி வந்தபோது, ஆண்டுக்கு 58 இலட்சம் டாலர் ஆகும் பராமரிப்பு ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது, பொருள்கள் சிதறின. ஒன்பது ஆண்டு கழித்துக் கொரோனா வந்தது. நடுவண் அரசின் தேசியக் கையிருப்போ 2009ஆம் ஆண்டுப் பன்றிக் காய்ச்சலுக்குக் கொடுத்த 8 கோடியே 50 இலட்சம் என்95 கவசங்களை உரிய அளவில் மீண்டும் நிரப்பவேயில்லை. 2020 மார்ச்சில் அலபாமாவின் மான்ட்கொமரி மாவட்டம் பெற்ற கவசங்கள் பத்தாண்டுக்கு முன்பே காலாவதியாகி இற்றுப்போயிருந்தன. 1961இல் தொடங்கிய திட்டத்தின் பிஸ்கட்டுக்கு நேர்ந்தது இங்கே முகக்கவசத்துக்கு நேர்ந்தது; இடையில் கற்றது மிகக் குறைவு.

கொள்முதல் ஆணையிலேயே மூன்று வரிகள் கட்டாயமாக்கப்பட்டிருக்க வேண்டும்: யார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார், அதற்குரிய ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வரும், ஆயுள் முடிந்ததும் எவர் எப்படிக் கழிப்பார். இம்மூன்றும் இல்லாத இருப்பு, இருப்புப் பதிவேட்டில் எண்ணாக இருந்து, வேறு ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை என்று அலுவலர்களை நம்பவைப்பதால், இல்லாமையைவிடத் தீங்கானது.

புயல் வீசும் கரையோரத்திலோ நிலம் நடுங்கும் ஊரிலோ வாழும் வாசகர்கள் தம் வீட்டில் வைத்திருக்கும் அவசரப் பெட்டிக்கும் இவ்வரிகள் பொருந்தும். வீட்டில் நிரப்பிய குடிநீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்படி அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு அறிவுறுத்துகிறது. டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்பதும், அன்றாடம் உண்ணும் உணவையே பெட்டியிலும் வைத்து முறைமாற்றி எடுப்பதும், பழைய மருந்தை மருந்தகத்தின் திரும்பப்பெறும் பெட்டியில் சேர்ப்பதும் எளியவை. பெட்டியின் மூடியில் இன்றைய தேதியையும் அடுத்துத் திறக்க வேண்டிய தேதியையும் எழுதி ஒட்டுக.