பெயருக்குக் கொடுக்கும் காசு

சிகாமட்டில் ஒருவர் பெட்டி கட்டுகிறார் என்றால் அக்கம்பக்கத்தில் கேட்கிற முதல் கேள்வி, “அங்க யாரு இருக்கா?” என்பதுதான். கேள்வியில் குற்றமில்லை. நம் பயணங்களெல்லாம் யாரையாவது பார்க்கப் போன பயணங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தாய்மாமன் இருந்தார், போனோம். சிங்கப்பூரில் மகள் இருக்கிறாள், போகிறோம். பழனியில் முருகன் இருக்கிறான், அங்கும் போகிறோம். யாருமே இல்லாத ஊருக்கு, பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்றுக்காகக் கைக்காசைப் போட்டுப் போவது என் வயதுக்காரர்களுக்குக் கூச்சமான காரியம். உத்தியோகமும் பிள்ளைகள் கல்யாணமும் முடிந்த பிறகாவது அந்தக் கூச்சத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

நானும் மனைவியும், தோட்டத்தில் என்னோடு கிராணியாக இருந்த நண்பரும் அவர் வீட்டம்மாவும் அல்பேனியா போகத் திட்டம் போட்டிருக்கிறோம். கிரேக்கத்துக்கு வடக்கே இருக்கிறது. கடலைத் தாண்டினால் இத்தாலி. பரப்பில் ஜொகூரைப் போல ஒன்றரை மடங்கு. மக்களோ 2023 கணக்கெடுப்பின்படி 24 லட்சம்தான், ஜொகூரைவிடக் குறைவு. நாட்டின் பெயரே தெரியாதவர்களுக்கும் அந்த இனத்தில் ஒருவரைத் தெரிந்திருக்கும்: அன்னை தெரேசா. அவர் பிறந்தது 1910இல், இன்றைய வடமாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேவில். ஆனாலும் அல்பேனியத் தலைநகர் திரானாவின் விமான நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

“போறதுதான் போறீங்க, பாரிஸ், சுவிட்சர்லாந்துன்னு போகக் கூடாதாப்பா?” என்றான் மகன். போகலாம். அங்கே அறை வாடகையிலும் ஒரு கோப்பை காப்பியிலும் கணிசமான பங்கு அந்த ஊர்ப் பெயருக்குக் கொடுக்கும் காசு. நமக்கு வேண்டியது மலை, கடல், பழைய கோட்டை, மாலையில் காலாற நடக்க ஒரு தெரு. பெயரை விட்டுக்கொடுத்தால் சிக்கனத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வந்து சொல்லும்போது “அது எந்தப் பக்கம்?” என்பார்கள். அந்த நட்டத்தை மட்டும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

மலிவுப் பயணம் நமக்கொன்றும் புதிதல்ல. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பலில் ஏறி வந்தவர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு ஒரு காலத்தில் உரிமம் இருந்தது. டெக் பயணிக்குப் பாய் விரித்த இடம்தான் அறை.

அல்பேனியாவுக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. அதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்த நாட்டின்மேல் பிடிப்பு வந்தது. என்வர் ஹோஜா என்ற கம்யூனிஸ்ட் தலைவர் 1944 முதல் 1985இல் சாகும்வரை அங்கே ஆண்டார். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போவது துரோகக் குற்றம். 1967இல் பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றையும் மூடிச் சாமியே இல்லை என்று அறிவித்தார்கள். எதிரி வருவான் என்று சொல்லி 170,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் பதுங்கு குழிகளை நாடெங்கும் கட்டினார்கள். எதிரி வரவேயில்லை. ஆட்சி ஆட்டம் கண்ட 1991 ஆகஸ்டில், கியூபாவிலிருந்து சீனி ஏற்றிவந்து துர்ரஸ் துறைமுகத்தில் நின்ற ‘விலோரா’ என்ற சரக்குக் கப்பலில் ஏறக்குறைய 20,000 பேர் ஏறிக்கொண்டார்கள். கப்பலை இத்தாலிக்கு விடச் சொன்னார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி அது பாரி துறைமுகத்தை அடைந்தபோது எடுத்த படங்களில் கப்பல் தெரியாது, மனிதத் தலைகள்தான் தெரியும். பெரும்பாலானவர்களை ஒரு விளையாட்டு அரங்கில் அடைத்துவைத்துச் சில நாட்களில் திருப்பி அனுப்பினார்கள்.

தாத்தா கடல் தாண்டியது பிழைக்க. அவர்கள் தாண்டியது தப்பிக்க. நாங்கள் நான்கு பேர் அதே பாரி–துர்ரஸ் கடலைச் சும்மா தாண்டப் போகிறோம். சும்மா போவதற்கும் ஒரு யோகம் வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நண்பரின் வீட்டம்மா கத்தோலிக்கர். ரோமைக் காட்டாமல் அவரை அழைத்துப்போக முடியாது. ஆகவே கோலாலம்பூரிலிருந்து இஸ்தான்புல் வழியாக ரோம், ரயிலில் பாரி, அங்கிருந்து இரவுக் கப்பலில் துர்ரஸ், திரும்புவது திரானாவிலிருந்து. மலேசியக் கடப்பிதழுக்கு இத்தாலியிலும் அல்பேனியாவிலும் 90 நாள் வரை விசா வேண்டாம். கடப்பிதழைப் புதுப்பிக்க 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 வெள்ளிதான், மற்றவர்களுக்கு 200. போகிற ஊர் ஒன்று, திரும்புகிற ஊர் வேறு என்றாலும் ஒரே டிக்கெட்டாக எடுக்க முடியும். தனித்தனியாக மலிவு விமானங்களில் எடுத்தால் இன்னும் சில நூறு வெள்ளி குறையும் என்று கைப்பேசியைக் காட்டுகிறார்கள் பேரப்பிள்ளைகள். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால், தனி டிக்கெட்காரனுக்கு யாரும் பொறுப்பில்லை. இருபது வயதுப் பையன் விமான நிலையத் தரையில் படுத்து மறுநாள் போவான். நமக்குத் தரையில் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

பாரி கப்பலில் இன்றைக்கும் ஆக மலிவான டிக்கெட் டெக் டிக்கெட்தான். நண்பருக்கு அதில் ஓர் ஆசை. ராஜூலா பரம்பரை என்கிறார். தாத்தா டெக்கில் வந்தது வேறு வழியில்லாமல். மூட்டுவலி பரம்பரை பார்ப்பதில்லை. நான்கு படுக்கை உள்ள ஒரே கேபினை நால்வரும் பகிர்ந்துகொண்டால் தலைக்கு விழும் கூடுதல் காசு பெரிதல்ல, ஒரு ராத்திரி ஓட்டல் வாடகையும் மிச்சம்.

அல்பேனியாவில் நாங்கள் தங்கப்போகும் பெராட் ஊரிலும் இதே வழக்குத்தான் வந்தது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய ஊர். கோட்டைக்குள் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. மேட்டின்மேல் இருக்கும் விருந்தினர் வீடு ஒன்று கீழே இருப்பதைவிட மலிவு. வழியெல்லாம் கூழாங்கல் பாவிய ஏற்றம், மழை பெய்தால் வழுக்கும். கீழ்வீட்டைத்தான் பிடித்தோம். காப்புறுதியிலும் கை வைக்காதீர்கள். 70ஐத் தாண்டினால் கட்டணம் ஏறும், சில திட்டங்கள் இனிப்பு நீர், இரத்த அழுத்தம் போன்ற பழைய நோயால் வரும் செலவைக் கொடுக்கவே கொடுக்காது. பொடி எழுத்தைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. 2025 மார்ச்சிலிருந்து சிகாமட்டுக்கும் இடிஎஸ் ரயில் வருகிறது, விமான நிலையத்துக்கு மகனின் காரும் அவனது ஒரு நாள் விடுப்பும் வேண்டாம். நினைவுப் பொருள் என்று ஒன்றும் வாங்கப்போவதில்லை. இங்கே அலமாரியில் இருப்பதையே துடைக்க ஆளில்லை.

பணம் எங்கிருந்து? தாமானில் ஓர் அம்மா கூட்டு கட்டச் சொன்னார். 1971இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்த சங்கதி. ஆனாலும் நம்மவர்களிடம் ஓய்ந்தபாடில்லை. நாங்கள் ஊழியர் சேமநிதியில் முதலைத் தொடாமல், ஈவாக வருவதை மட்டும் எடுக்கிறோம். 2024க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள், அது போதும். அல்பேனியர்களுக்கு இப்படி ஆசைப்பட்டுக் காசு போடுகிற விஷயத்தில் பட்ட காயம் பெரிது. கம்யூனிசம் போன கையோடு மாதத்துக்கு 8, 10 விழுக்காடு, சிலர் அதற்கும் மேலே வட்டி தருவதாகச் சொன்ன கம்பெனிகளில் நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் காசு போட்டார்கள். வீட்டையும் மாட்டையும் விற்றுப் போட்டவர்களும் உண்டு. 1997 தொடக்கத்தில் அத்தனையும் சரிந்தது. கலவரம் மூண்டு ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன, ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். சுற்றுலாப் பயணி போய் விசாரிக்கிற விஷயமில்லை இது. ஆனால் அங்கே என் வயதில் ஒருவர் பூங்காவில் செஸ் ஆடிக்கொண்டிருந்தால், அவர் எதையெல்லாம் தாண்டி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு.

அங்கே நாணயம் லெக். ஏறக்குறைய 100 லெக் ஒரு யூரோ, நம் கணக்கில் கிட்டத்தட்ட 5 வெள்ளி. இங்கே எந்த நாணயமாற்றுக் கடையிலும் லெக் கேட்டு அலைய வேண்டாம், யூரோவாகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: 1965இல் லெக்கில் ஒரு சைபரைக் குறைத்தார்கள், ஆனால் வயதானவர்கள் இன்னமும் பழைய கணக்கிலேயே விலை சொல்வார்களாம். 300 லெக் பொருளுக்கு 3,000 என்பார்கள். ஏமாற்று அல்ல, பழக்கம். தலையாட்டும் முறையும் அங்கே பலரிடம் தலைகீழ். பக்கவாட்டில் ஆட்டினால் சம்மதம். அதில் நமக்குப் பயிற்சி தேவைப்படாது. ஊருக்கு ஊர் ஓடும் ‘ஃபுர்கோன்’ என்ற சிறு வேன்கள் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், முன்பு சிகாமட்டிலிருந்து மூவாருக்கு டாக்சியில் நான்காவது ஆளுக்குக் காத்திருப்போமே, அப்படி. அவசரம் உள்ளவர்களுக்குத்தான் அது தொல்லை. வெள்ளிக்கிழமை சைவத்துக்குக் கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுட்ட ‘பியூரெக்’ எந்த ரொட்டிக் கடையிலும் கிடைக்கும். அதையும் மீறி மனைவி ஒரு சம்பல் போத்தலைப் பெட்டியில் வைத்தாயிற்று.

இந்த நாட்டுக்கும் பெயர் ஏறிக்கொண்டிருக்கிறது. 2024இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்திருக்கிறார்கள், கடற்கரை ஊர்களில் ஜூலையும் ஆகஸ்டும் விலை உச்சத்துக்குப் போகிறது. அந்த மாதங்களைத் தவிர்ப்பதில் எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. நண்பருக்கு இரண்டு ஏக்கர் டுரியான் இருக்கிறது. இங்கே பழம் விழுவதும் அப்போதுதான். மரத்தடியை விட்டு அவரை இஸ்தான்புல் என்ன, இந்திரலோகத்துக்கும் கிளப்ப முடியாது. செப்டம்பர் நடுவில் டிக்கெட் போட்டிருக்கிறோம். அதற்குப் பிறகும் பழம் விழுந்தால் மருமகனைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வதாக, இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒப்புக்கொண்டிருக்கிறார்.