பாதைகள் அதிகமான மலை

ஃபீனிக்ஸ் நகரத்துக்குள் வழி தவறுவதற்கு நிஜமாகவே தனித் திறமை வேண்டும். அரிசோனா பாலைவனத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெருக்கள். ஒன்று வடக்கு தெற்கு, இல்லை கிழக்கு மேற்கு. நடு ஊரில் சென்ட்ரல் அவென்யூவைப் பிடித்துத் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் ஒரு மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதுதான் சவுத் மவுண்டன் பூங்கா. அந்த வாசலைத் தாண்டியதும் நேர்கோடு எல்லாம் காலி.

பூங்கா என்றதும் புல்தரை, ஊஞ்சல், சுண்டல்காரர் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 16,000 ஏக்கருக்கும் மேல் வெறும் பாறையும் கள்ளியும். 1924-ல் சுமார் 13,000 ஏக்கரை மத்திய அரசிடமிருந்து 17,000 டாலருக்கு நகராட்சி வாங்கியது (ஏக்கர் ஒன்றரை டாலர்கூட இல்லை!). 1930-களில், பொருளாதாரம் படுத்துவிட்ட காலத்தில், வேலையில்லாத இளைஞர்களை வைத்து அரசு இங்கே சாலைகளும் பாதைகளும் கற்கட்டடங்களும் போட்டது. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே ஆகிமெல் ஓ'ஓதாம் மக்களுக்கு இது புனித மலை. பாறைகளில் பழங்குடியினர் கீறிய உருவங்கள் இன்றும் இருக்கின்றன.

இப்போது 50 மைலுக்கு மேல் நடைபாதைகள். மலைமுகட்டை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் நேஷனல் டிரெயில் மட்டுமே ஏறக்குறைய 15 மைல். ஆங்காங்கே பெயர் எழுதிய கம்பங்களும் உண்டு. அப்புறம் எப்படித் தொலைகிறார்கள்?

மழைக்காட்டில் பாதை விட்டுப் போனால் அடுத்த அடி வைக்க முடியாது; புதர் தடுக்கும். பாலைவனத்தில் எதுவுமே தடுக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நடக்கலாம், எல்லாமே பாதை மாதிரி இருக்கும். மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைகள் மற்ற நாளெல்லாம் மணல் பரப்பிக் கிடக்கும். பல இடங்களில் நிஜப் பாதையைவிட அவைதான் அகலம், நடக்கவும் சுகம். போதாக்குறைக்குக் குறுக்கு வழி தேடியவர்களின் தடங்கள். ஈரமான ஊரில் இரண்டு மழைக்குப் புல் முளைத்து ஒற்றையடிப்பாதை மறைந்துவிடும். இங்கே கருத்த சரளைக்கற்கள் மேலே படிந்த மண்ணில் ஒருமுறை தேய்ந்த தடம் பல்லாண்டுகள் வெளிர்கோடாக அப்படியே நிற்கும். என்றைக்கோ எவரோ வழி தெரியாமல் நடந்த தடத்தை இன்றைக்கு வருகிறவர் பாதை என்று நம்பிப் பின்னால் போகிறார், அவர் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டும் போகிறார். நாலு பேர் நடந்தால் அது பாதை; எங்கே போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி.

கிழக்குப் பகுதியில் ஹிட்டன் வேலி என்று ஓர் இடம். ஒரு முனையில் ஃபேட் மேன்ஸ் பாஸ், இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து போக வேண்டிய இடுக்கு. மறுமுனையில் பாறைகள் கூரையாகக் கவிந்த ஒரு குகைவழி. இடையில் ஓடைமணலே பாதை. வழுவழுத்த பாறைமேல் கால் தடம் எது பதியும்? பார்த்தே ஆகவேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் வெளியே வந்ததும் வந்த திசையை மறந்துபோவதும் இங்கேதான்.

இன்னொரு வேடிக்கை இந்த மலையின் உருவம். கூரான சிகரம், கொம்பு மாதிரி பாறை என்று அடையாளம் சொல்ல அதிகம் கிடையாது. ஆமை முதுகு போல நீண்டு கிடக்கிறது. மேடு ஒன்றைப் பார்த்தால் அடுத்ததும் அதே ஜாடை. சரி, உயரத்தில் ஏறி ஊர் எங்கே தெரிகிறது என்று பார்ப்போமே என்றால், கிழக்குப் பாதியில் வடக்கேயும் வீடுகள், தெற்கேயும் வீடுகள்! கார் வடக்கு அடிவாரத்தில் நிற்க, தெற்குப் பக்கம் இறங்கிவிட்டவர் மலையைச் சுற்றிக்கொண்டு வர எத்தனையோ மைல். நம்பகமான அடையாளம் 2,690 அடி உயரமுள்ள உச்சியில் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள்தான். கிளம்பும்போதே அவை எந்தக் கைப்பக்கம் என்று பார்த்துக்கொள்வது செல்பேசி வரைபடத்தைவிட உத்தமம். வெயிலில் சூடேறினால் செல்பேசி தானாக அணைந்துவிடும், கோபுரம் அணையாது.

ஊர் கண்ணுக்குத் தெரிவதுதான் பெரிய ஆபத்து என்றுகூடச் சொல்லலாம். கீழே நீச்சல்குளம் மின்னும்போது யாருக்குப் பயம் வரும்? ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு ஏறிவிடுகிறார்கள். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த வெயிலில் தவறான தடத்தில் போன அரை மணி நேரமும் திரும்பி வரும் அரை மணி நேரமும் வெறும் ஒரு மணி நேரம் இல்லை, பாட்டிலில் இருந்த மிச்சத் தண்ணீர் அவ்வளவும். தலைசுற்றல் தொடங்கியபின் எந்தக் கிளை சரி என்று யோசிக்கிற மூளை அங்கே இருக்காது. இதே நகரத்தின் கேமல்பேக் மலையில் 2021 முதல் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகல்வேளையில் பாதைகளைப் பூட்டிவிடுகிறார்கள். நாய்களுக்கு அதற்கும் முன்னால், 2016-லேயே தடை வந்துவிட்டது: வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நகரத்தின் மலைப்பாதைகளில் நாயைக் கூட்டிப் போகக் கூடாது. கூட்டி வருகிறவருக்கு அந்த 100 டிகிரிக் கணக்கு கிடையாது.

தெரிந்தவர்கள் செய்வது எளிமையான காரியம். நவம்பர் முதல் மார்ச் வரை வருகிறார்கள். கிளை பிரியும் இடத்தில் நின்று, திரும்பி, வந்த வழியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்; போகும்போது தெரிந்த மலையும் வரும்போது தெரிகிற மலையும் ஒன்றல்ல. தடத்துக்குக் குறுக்கே கற்களை வரிசையாக வைத்திருந்தாலோ காய்ந்த கிளைகளைப் போட்டிருந்தாலோ அது 'இந்தப் பக்கம் வராதே' என்ற சேதி. தாண்டிக் குதிக்க அல்ல. தண்ணீர் பாதி தீர்ந்ததும், ஹிட்டன் வேலி இன்னும் கால் மைல்தான் என்று கம்பம் சொன்னாலும், திரும்பிவிடுகிறார்கள்.