பெயரை அழித்த வாத்தியார்

ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

ரிட்டையர் ஆனபின் நான் பைத்தான் கற்றுக்கொண்டது உங்களில் பலருக்குத் தெரியும். போன வருடம் மதிப்பெண் பட்டியல் போட ஒரு சின்ன புரோகிராம் செய்து, தெரிந்த மூன்று பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தேன். அதில் பாதிக்கு மேல் கிட்ஹப்பில் எடுத்த கோடு. கூடவே 'லைசென்ஸ்' என்று ஒரு ஃபைல் இருந்தது. சும்மா கிடைப்பதுதானே என்று அதை அழித்துவிட்டு, என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான்.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. ஒன்பதாம் கிளாஸ்ல ஹோம்வொர்க்கைப் பார்த்து எழுதினேன்னு என்னை வெளியே நிக்க வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

அவன் பொறுமையாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஓப்பன் சோர்ஸ் என்றால் சொந்தக்காரர் இல்லாத பொருள் அல்ல. காப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. லைசென்ஸ் என்பது அவர் நமக்குத் தரும் அனுமதிச் சீட்டு.

நான் எடுத்தது எம்.ஐ.டி. லைசென்ஸ். மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் அவருடைய காப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் ஒவ்வொரு பிரதியோடும் போக வேண்டும். நான் அழித்தது அதைத்தான்.

ஜி.பி.எல். வேறு மாதிரி. லினக்ஸ் கெர்னல் அந்த வகை. அதை மாற்றி நம் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துக்கொண்டால் கேள்வி இல்லை. அடுத்தவருக்குக் கொடுத்தால், மாற்றிய மூலக் கோடும் அதே ஜி.பி.எல். லைசென்ஸில் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

லைசென்ஸே போடாத கோடு? அதை இலவசம் என்று நினைப்பதுதான் பெரிய தப்பாம். கண்ணில் படுகிறது என்பதற்காக எடுத்துக்கொள்ள முடியாது. எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

அந்த ஃபைலைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். முதலில் எழுதியவர் பெயர், அதன்கீழ் 'மாற்றங்கள் செய்தது' என்று என் பெயர். மூன்று பள்ளிகளுக்கும் காரணத்தைச் சொல்லிப் புதுப் பிரதி அனுப்பியாயிற்று. என்னிடம் வாங்கிய மற்றவர்களும் பழையதை அழித்துவிட்டுப் புதியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போனை வைக்கும்முன் அவனிடம் கேட்டேன்: "நான் எவ்வளவு நேரம்டா வெளியே நிக்கணும்?"

"ஒரு பீரியட் போதும் சார்."