கொட்டகுடி ஆறு இறங்கும் வேகம்

போடியில் வெயில் அடிக்கும். மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். அந்நேரம் கொட்டகுடி ஆறு செந்நிறமாகப் பொங்கி வரும். "மேல மழை" என்பதோடு ஊர் பேச்சை முடித்துக்கொள்ளும்.

போடிமெட்டு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,500 அடி. போடி ஆயிரத்துச் சொச்சம். முந்தலில் தொடங்கும் மலைச்சாலை அந்த உயரத்தை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. தண்ணீருக்கு வளைவு கிடையாது. மெட்டின் முகட்டில் விழும் மழை மேற்கே பூப்பாறைப் பக்கம் சரிந்தால் பன்னியாறு, பெரியாறு என்று அரபிக்கடலுக்குப் போகும். கிழக்கே சரிந்தால் வைகைக்கு.

ஆற்றின் தலைமாடு குரங்கணி, கொட்டகுடி மலைகள். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இங்கே இறங்கி, வண்டியேறிப் போடிக்குப் போனது. டாப் ஸ்டேஷன் வரை அதைக் கொண்டுவந்த குண்டளை ரயில்பாதையை 1924 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அது தென்மேற்குப் பருவமழை, மலைக்கு அந்தப்பக்கத்து வெள்ளம். நம் பக்கம் அந்த மழைக்கு மறைவு. இங்கே கணக்கு ஐப்பசி, கார்த்திகைதான்.

ஐப்பசி முதல் மழையை மண் குடித்துவிடும். ஊறி நிறைந்த பிறகு கார்த்திகையில் அதே அளவு மழை பெய்தாலும் குடிக்க இடமிருக்காது. அத்தனையும் ஓடையில் இறங்கும். மரநிழலும் சருகும் உள்ள சரிவு கொஞ்சம் தாமதப்படுத்தும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் 23 உயிர்களைக் கொண்டுபோன காட்டுத்தீயை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எரிந்த மேட்டில் புல் திரும்பும் வரை மழை மண்ணையும் சேர்த்துக்கொண்டு இறங்கும் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மெட்டுச் சாலையில் பாறை உருளுவதும் மண் இப்படி ஊறிப்போவதால்தான். சாலைக்கு அடியில் உள்ள பாலக்கண்ணை ஒரு மரமும் நாலு கல்லும் அடைத்தால் போதும், ஓடை சாலைமேல் ஏறிவிடும். இதற்கு வானத்தைத் திட்டிப் பயனில்லை.

அணைப்பிள்ளையார் அணையைத் தாண்டியதும் ஆறு சமவெளிக்கு வந்துவிடுகிறது. வேகம் குறைகிறது, கல்லும் மணலும் படிகின்றன, படுகை மேடாகிறது. கரை தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வெளியேறுகிறது. பழையவர்கள் இதற்காகவே வாய்க்கால் வெட்டிக் கண்மாய்களுக்குத் திருப்பினார்கள். மேல் கண்மாய் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாயை நிரப்பும். வெள்ளத்தை விவசாயத்துக்குச் சேமிக்கும் ஏற்பாடு அது. வாய்க்காலை வீடும் கடையும் நெருக்கிய பிறகு, கண்மாய் வறண்டு கிடக்கும்போதே தெருவில் தண்ணீர் நிற்கிறது. எனக்கு இதுதான் பெரிய வெள்ளச்சேதமாகத் தெரிகிறது.

தேனியருகே முல்லையாறு, கொட்டகுடி, வைகை எல்லாம் நெருங்கிவிடுகின்றன. மூன்றிலும் ஒரே நேரத்தில் உச்சம் வந்தால் சிறிய ஆறு பெரியதற்குள் நுழைய முடியாமல் பின்னுக்குத் தேங்கும். பிறகு எல்லாம் 1959இல் திறந்த வைகை அணைக்கு. முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. போடியில் ஆற்றங்கரையை விட்டு விலகச் சொன்ன அதே தண்ணீருக்காக ராமநாதபுரம் வரை விவசாயிகள் தினமும் அணையின் அடிக்கணக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.