தோட்டம் சுமக்கும் வண்டு

அரிசியில் வண்டு விழுந்தால் சுளகில் இட்டுப் புடைத்து எறிந்துவிடுகிறோம். அந்த மூக்கு நீண்ட வண்டின் தூரத்து உறவினம் ஒன்றைக் காண, பப்புவா நியூகினி வரை வாருங்கள்.

அந்நாட்டின் மொரோபே மாகாணத்தில் வாவு என்றொரு மலையூர் உண்டு. 1926இல் அருகிலுள்ள ஈடி ஓடையில் பொன் கண்டெடுக்கப்பட, அவ்வூர் பெயர் பெற்றது. பாதையில்லாத அக்காலத்தில் பொன் அள்ளும் பாரிய இயந்திரங்களைக்கூடப் பகுதி பகுதியாக விமானத்தில் ஏற்றிவந்தார்கள்.

ஊருக்கு மேலே கைண்டி மலை நிற்கிறது. ஏற ஏற மரங்கள் குட்டையாகும்; மூடுபனி சூழும்; கிளையெல்லாம் பாசி படியும். இத்தகைய காடுகளில் இலையொன்றின் மீது பாசித்துண்டு ஒன்று மெல்ல நகருமாயின் உற்றுப் பாருங்கள். அதற்கு ஆறு கால்கள் இருக்கும்!

அதுதான் ஜிம்னோஃபோலஸ் என்னும் பேரினத்து வண்டு. மூக்கு குட்டையாய் அகன்றது, உடல் ஓர் அங்குலமளவு, உணவு இலை. மேலிறகுகள் இரண்டும் ஒட்டி ஓடாகிவிட்டதால் பறக்க இயலாது. ஆனால் இவற்றுட் சில இனங்களின் முதுகிலே பள்ளங்களும் செதில்களும் உண்டு. ஈரம் அங்கே தங்க, அல்கா, பங்கசு, இலைக்கன், பாசி ஆகியன வேரூன்றியதுபோல் வளர்கின்றன. அத்தோட்டத்தினுள்ளே சிற்றுண்ணிகளும் நுண்புழுக்களும் குடியிருக்கின்றன. ஹவாய் பிஷப் நூதனசாலையைச் சேர்ந்த கிரெஸிட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1965இல் 'சயன்ஸ்' சஞ்சிகை மூலம் இதனை உலகறியச் செய்தனர்.

குடியிருப்போர் வாடகை தராமலும் இல்லை. பாசி போர்த்த வண்டைப் பாசி படர்ந்த கிளையில் பிரித்தறிவது எளிதன்று. எதிரிகளின் கண்ணுக்கு அது தப்பக்கூடும்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். சிறகுள்ள பூச்சி, காடு அழிந்தால் அடுத்த மலைக்குப் பறந்துவிடலாம். இதுவோ நடந்துதான் போக வேண்டும். இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்கோ இதற்கு ஏற்ற இடமன்று. பூமி சூடாகிப் பனிமூட்டம் மேலே ஏறினால், இதுவும் பின்னால் ஏற வேண்டும். சிகரத்துக்கு மேல் எங்கே ஏறுவது?

ஆகவே ஒரு மலையின் பாசிக்காட்டை வெட்டும்போது மரங்கள் மட்டும் விழுவதில்லை. அம்மலையை விட்டால் வேறு போக்கிடமில்லாத ஒரு வண்டும், அதன் முதுகையே உலகமாகக் கொண்ட சிற்றுயிர்களும் சேர்ந்தே மறைகின்றன. வாவுவின் பொன்னை நிறுக்கத் தராசு இருந்தது. இந்த இழப்பை எதில் வைத்து நிறுப்பது?