எந்தக் கரையில் நிறுத்துவது?

பாம்பனில் என் மைத்துனருக்கு ஒரு விசைப்படகு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது நெருங்கினாலே, படகை எந்தக் கரையில் நிறுத்துவது என்று வீட்டில் வழக்கு. ஊர் ஒன்றுதான், கடல் இரண்டாயிற்றே! வாடைக்காற்றில் வடக்கே பாக் நீரிணை கொந்தளிக்கும். கச்சானில் தெற்கே மன்னார் வளைகுடா. தடை முடியுமுன்பே கச்சான் வந்துவிடும், ஆகவே வடகரை என்பது என் கட்சி. தென்கரைதான் வீட்டுக்குப் பக்கம், கண்ணெதிரே கிடக்கும் என்பார் அவர். கயிறு அறுந்தால் கண்ணால் பார்த்து என்ன செய்வது? அவசரத்துக்குப் பக்கம் மாற்றவும் முடியாது. ரயில் தூக்குப்பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும். படகின் மேல் கடன் வேறு. இவ்வருஷம் வடகரைக்கே சம்மதித்தார். தினமும் இரண்டுமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.