பந்தாவுக்குப் போட்ட லினக்ஸ்

நான் ஆர்ச் லினக்ஸ் போட்டது வேலைக்காக அல்ல, பந்தாவுக்காக. கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடினால் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆர்ச்சில் பார்ட்டிஷன் பிரிப்பதிலிருந்து பூட்லோடர் வரை நாமே கமாண்ட் அடித்துத்தான் நிறுவுவது வழக்கம். அதை முடித்தவனுக்குத் தலைக்கனம் வராமலா இருக்கும்?

புரோகிராம் எழுதியதைவிட டெர்மினலின் நிறத்தை மாற்றியதுதான் அதிகம். அப்டேட் போட்ட கையோடு வைஃபை படுத்துவிடும். அன்றைக்கென்று கிளையன்ட் மீட்டிங் இருக்கும். "ஏரியாவில் நெட் இல்லை" என்று கூசாமல் புளுகியிருக்கிறேன். புதுக் கர்னலுக்கும் பழைய டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதே நிஜம்.

எங்கள் டீமில் ஓர் அக்கா விண்டோஸ்தான் வைத்திருந்தார். "இன்னுமா அது?" என்று நக்கலடிப்பேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். மைக்ரோசாஃப்ட் 2019இல் அறிவித்த டபிள்யூ.எஸ்.எல். 2இல் விண்டோஸுக்குள் நிஜமான லினக்ஸ் கர்னலே ஓடுகிறது. அதில் உபுண்டு போட்டுக்கொண்டு சொன்ன நாளில் வேலையை முடித்துவிடுவார். நான் முடித்ததில்லை.

பிறகு மேக்புக் வாங்கினேன். அதுவும் பந்தாதான், விலை மட்டும் கூடுதல். ஒருநாள் என்னிடம் ஓடிய கோடு சர்வரில் விழுந்துவிட்டது. சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியிடம் எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் பதில் பேசாமல் லாகைத் திறந்து ஒரே ஓர் எழுத்தைக் காட்டினான். ஃபைல் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்து. இம்போர்ட் வரியில் நான் அடித்திருந்ததோ சின்ன எழுத்து. மேக்கின் வழக்கமான ஃபைல் சிஸ்டம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். சர்வரில் இருந்த லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. இது பாலபாடம். லினக்ஸ் பெருமை பேசித் திரிந்தவனுக்கு இது நினைவுக்கு வரவில்லை. அவனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை; டீ வாங்கிக் கொடுத்து ஒப்பேற்றிவிட்டேன்.

இப்போது என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டுவின் எல்.டி.எஸ். பதிப்பு. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும், ஐந்தாண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். திரையில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. எங்கள் சர்வரிலும் அதேதான்.

எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்று என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். உங்கள் ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேளுங்கள்.